மதத்தையும் அரசையும் பிரிக்கச் சொன்னவர்கள் யார்?

2024 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் சில மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அரசியல் சட்டத்தின் முகப்புரையில் 1976ஆம் ஆண்டு 42ஆவது திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட ‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’ என்ற சொற்களை நீக்க வேண்டும் என்று கேட்ட மனுக்கள் அவை. சொற்கள் பிழைத்துக்கொண்டன. அவற்றுக்கு எதிரான பேச்சு மட்டும் ஓயவில்லை. ‘மதச்சார்பின்மை ஓர் ஐரோப்பியச் சரக்கு. அங்கே திருச்சபைக்கும் மன்னர்களுக்கும் நடந்த அதிகாரச் சண்டையில் பிறந்தது. நம் மண்ணில் அப்படிச் சண்டையே இல்லை, ஆகவே நமக்கு அது தேவையில்லை’ என்று உயர்ந்த பதவிகளில் இருப்பவர்களே மேடையில் பேசுகிறார்கள்.

இதற்கு நம் தோழர்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலிலும் எனக்கு நிறைவில்லை. ‘ஐரோப்பாவின் பகுத்தறிவாளர்கள் மூடநம்பிக்கையை எதிர்த்து உருவாக்கிய கொள்கை அது. நாகரிகமடைந்த நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன, நாமும் ஏற்றுக்கொண்டோம்’ என்கிறோம். எதிர்ப்பவர்களின் கதையில் மன்னர்கள் வருகிறார்கள். நம் கதையில் தத்துவவாதிகள் வருகிறார்கள். இரண்டு கதையிலும் அடிவாங்கியவர்களைக் காணோம்.

அரசு மதத்தில் தலையிடக்கூடாது என்று முதலில் கேட்டவர்களில் பெரும்பாலோர் நாத்திகர்கள் அல்லர். ஆழமான கடவுள் நம்பிக்கை கொண்டவர்கள். அரசின் மதத்தை ஏற்க மறுத்ததற்காகச் சிறையில் கிடந்தவர்கள், நிலத்தை இழந்தவர்கள், உயிரை விட்டவர்கள். சாதி ஒழிப்பைப் பேசும் நாம் அவர்கள் கதையைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன். அவர்கள் எழுப்பிய கேள்வி நம்முடையதும்தான். அவர்கள் எங்கே தவறினார்கள் என்பது நமக்கு இன்னும் முக்கியம்.

பிறப்பால் வருவதா மதம்?

1520களில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரம் போப்பாண்டவரின் பிடியிலிருந்து விலகிச் சீர்திருத்தத் திருச்சபையாக மாறிக்கொண்டிருந்தது. சுவிங்லி என்ற மதகுரு முன்னின்றார். ஆனால் எது எவ்வளவு வேகத்தில் மாற வேண்டும் என்பதை நகர மன்றமே முடிவு செய்தது. சுவிங்லியின் சீடர்களில் சில இளைஞர்கள் இதை ஏற்கவில்லை. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் பொருளில்லை, விவரம் தெரிந்த வயதில் ஒருவர் தானே தேர்ந்துகொள்வதுதான் நம்பிக்கை என்றார்கள். 1525ஆம் ஆண்டு ஜனவரியில் தங்களுக்குள் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். எதிரிகள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘அனபாப்டிஸ்டுகள்’, அதாவது மறுமுழுக்குக்காரர்கள்.

இதற்கு அரசு கொடுத்த தண்டனை மரணம். 1527 ஜனவரி 5 அன்று பெலிக்ஸ் மான்ஸ் என்பவரின் கைகால்களைக் கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் கத்தோலிக்கர்கள் அல்லர், புதிதாக விடுதலை பெற்ற சீர்திருத்தக்காரர்கள்.

தண்ணீரில் முங்குவதில் அரசுக்கு என்ன அச்சம்? அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் பிறந்தவுடனேயே திருச்சபையின் உறுப்பினர், அதனாலேயே அந்த அரசின் குடி. இரண்டும் ஒன்று. ‘நான் பிறந்ததால் இந்த மதத்தைச் சேர்ந்தவன் அல்லன், ஏற்றுக்கொண்டால்தான் சேர்ந்தவன்’ என்று ஒருவர் சொன்னால் அந்த முடிச்சே அவிழ்ந்துவிடும். பிறப்பால் வரும் அடையாளத்தை மறுப்பவரை ஆதிக்கம் எப்படிப் பார்க்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டுகளில் ஜெர்மன் நிலங்களில் உழவர்கள் கிளர்ந்தார்கள். 1525இல் அவர்கள் வெளியிட்ட 12 கோரிக்கைகளில் முதலாவது, ஊருக்கு மதகுருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஊர் மக்களுக்கே வேண்டும் என்பது. பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. மதகுருவை மேலேயிருந்து திணிப்பவரும் உழைப்பைப் பறிப்பவரும் ஒரே ஆள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. 1555இல் ஆக்ஸ்பர்க் நகரில் பிரபுக்கள் தங்களுக்குள் சமாதானம் செய்துகொண்டார்கள். ஆள்பவனின் மதம்தான் அந்த நிலத்தின் மதம் என்பது அதன் சாரம். லூத்தரன், கத்தோலிக்கம் என்ற இரண்டில் எது என்பதைப் பிரபு தேர்ந்துகொள்ளலாம். குடிமகனுக்குப் பிடிக்காவிட்டால் ஊரைவிட்டுப் போகலாம்.

இங்கிலாந்தில் 1612இல் தாமஸ் ஹெல்விஸ் என்ற பாப்டிஸ்ட் ஒரு நூல் எழுதினார். மன்னனுக்கு உடல்மீதும் உடைமைமீதும் அதிகாரம் இருக்கலாம், ஆன்மாவின்மீது இல்லை என்பது அவர் வாதம். அந்த உரிமையைத் தன் சபைக்கு மட்டும் அவர் கேட்கவில்லை. யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும், திருச்சபை யாரை மதத்துரோகி என்றதோ அவர்களுக்கும் சேர்த்துக் கேட்டார். நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டார், அங்கேயே இறந்தார்.

பனியில் துரத்தப்பட்டவர்

இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையிடமிருந்து தப்பிக் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள் பியூரிட்டன்கள். போன இடத்தில் அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தங்களுடைய சபையை அரசாங்கமாக்கியது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1631 முதல் திருச்சபை உறுப்பினர்களுக்கு மட்டுமே வாக்குரிமை. ஒடுக்குமுறையிலிருந்து தப்பியவர் ஒடுக்க மாட்டார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதே 1631இல் அங்கே வந்து இறங்கினார் ரோஜர் வில்லியம்ஸ் என்ற இளம் மதகுரு. வந்த நாள் முதல் சங்கடம் கொடுத்தார். ஓய்வுநாளை மீறுவது, கடவுளை நிந்திப்பது போன்றவற்றுக்குத் தண்டனை கொடுக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். இந்த நிலத்தை இங்கிலாந்து மன்னர் பட்டயம் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆனால் இது இந்த மண்ணின் மக்களுடைய நிலம், அவர்களிடமிருந்து வாங்காமல் நமக்கு உரிமை கிடையாது என்றார். இரண்டையும் ஒரே வாயால் பேசியவரை ஆட்சியாளர்கள் பொறுக்கவில்லை. 1635 அக்டோபரில் நாடுகடத்தத் தீர்ப்பளித்தார்கள். கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப ஆட்கள் வருவதற்குள், 1636 ஜனவரிக் கடும்பனியில் அவர் நடந்தே தப்பினார். அந்தக் குளிர்காலத்தில் அவரைக் காப்பாற்றியவர்கள் வாம்பனோக் பழங்குடியினர். பிறகு நாராகன்செட் தலைவர்களிடம் நிலம் பெற்று ‘பிராவிடன்ஸ்’ என்ற ஊரை அமைத்தார்.

அந்த ஊரின் உடன்படிக்கை மிகச் சிறியது. பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுகிறோம், ஆனால் குடிமை விவகாரங்களில் மட்டும் என்பதே அதன் சாரம். எந்தக் கடவுளை வணங்குவது, வணங்குவதா வேண்டாமா என்பதெல்லாம் ஊர்க்கூட்டத்தின் வேலை இல்லை.

1638இல் இந்த விதிக்கு ஒரு சோதனை வந்தது. ஜோஷுவா வெரின் என்பவர் வில்லியம்ஸ் நடத்திய வழிபாட்டுக் கூட்டங்களுக்குத் தன் மனைவி போவதைத் தடுத்தார், அடிக்கவும் செய்தார். கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது வேதத்தின் கட்டளை, அதைச் செயல்படுத்துவது என் மதச் சுதந்திரம் என்ற வாதமும் எழுந்தது. ஊர்க்கூட்டம் அதை ஏற்கவில்லை. மனைவியின் மனசாட்சியைத் தடுத்ததற்காக அவருடைய வாக்குரிமையைப் பறித்தது. மதச் சுதந்திரம் என்பது குடும்பத் தலைவனுக்கோ சாதித் தலைவனுக்கோ கொடுக்கப்படும் உரிமை அல்ல, தனி ஆளுக்கு உரியது என்பதை ஒரு சிற்றூர் அன்றே புரிந்துகொண்டது.

1644இல் லண்டனில் வெளியான வில்லியம்ஸின் நூலை எரிக்க நாடாளுமன்றம் உத்தரவிட்டது. திருச்சபை ஒரு தோட்டம், உலகம் ஒரு காடு, இரண்டுக்கும் நடுவே வேலியோ சுவரோ இருக்க வேண்டும் என்ற உருவகத்தை அதே ஆண்டில் இன்னொரு நூலில் அவர் பயன்படுத்தினார். தோட்டத்தைக் காடு தின்றுவிடக்கூடாது என்பது அவர் கவலை. அதாவது அரசின் கை பட்டால் மதம் கெட்டுவிடும் என்று அஞ்சிய ஒரு பக்தர் அவர். மாசசூசெட்ஸோ தன் வழியிலேயே போனது. 1660 ஜூன் 1 அன்று மேரி டயர் என்ற குவேக்கர் பெண்ணைப் பாஸ்டனில் தூக்கிலிட்டது. நாடுகடத்தப்பட்ட பிறகும் திரும்பி வந்து போதித்தார் என்பதே அவர் குற்றம்.

வரி, ஏலம், சான்றிதழ்

உயிரைப் பறிப்பது நின்ற பிறகும் அரசு மதம் வேறு வழிகளில் வலித்தது. நியூ இங்கிலாந்தில் ஊர்க்கோயில் குருவின் சம்பளத்துக்கு எல்லாரும் வரி கட்ட வேண்டும். ஆஷ்ஃபீல்டு என்ற சிற்றூரில் பாப்டிஸ்டுகள்தான் முதலில் குடியேறினார்கள். பின்னால் வந்தவர்கள் தங்கள் சபையை அமைத்து அதற்கான வரியை இவர்கள்மீதும் போட்டார்கள். இவர்கள் மறுத்தார்கள். 1770இல் இவர்களுடைய சுமார் 400 ஏக்கர் நிலத்தை அரசு ஏலம் விட்டது. பழத்தோட்டம் போனது, செத்தவர்களைப் புதைத்த நிலமும் போனது. இடுகாட்டுக்காக இன்றும் ஆட்சியர் அலுவலக வாசலில் பிணத்தோடு நிற்கும் நம் மக்களுக்கு அந்த உழவர்களின் கோபம் அந்நியமாக இருக்காது.

கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பகுதிகளில் இன்னொரு ஏற்பாடு இருந்தது. மாற்றுச் சபையைச் சேர்ந்தவர் வரிவிலக்கு பெறலாம், ஆனால் ‘நான் இந்தச் சபையைச் சேர்ந்தவன்’ என்று சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். பாப்டிஸ்டுகளில் பலர் சான்றிதழ் கேட்கவே மறுத்தார்கள். ஐசக் பேக்கஸ் 1773இல் இதை எதிர்த்து எழுதினார். அவருடைய தாயார் கோயில் வரி கட்ட மறுத்ததற்காகச் சிறை சென்றவர். சான்றிதழ் கேட்பதே, என் நம்பிக்கையை அளக்கும் அதிகாரம் உனக்கு உண்டு என்று ஒத்துக்கொள்வதுதான் என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நமக்குப் பின்னால் தேவைப்படும்.

தெற்கே வர்ஜீனியாவில் இங்கிலாந்துத் திருச்சபையே அரசுத் திருச்சபை. 1760களின் கடைசியிலிருந்து அங்கே உரிமமின்றிப் போதித்த பாப்டிஸ்ட் குருக்கள் வரிசையாகச் சிறைக்குப் போனார்கள். சிறைக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்தே கூட்டத்துக்குப் போதித்தார்கள். பக்கத்து மாவட்டச் சிறையில் அவர்கள் கிடப்பதைக் கண்டு கொதித்து 1774இல் நண்பருக்குக் கடிதம் எழுதிய இளைஞர் ஜேம்ஸ் மேடிசன். இரண்டு ஆண்டுகள் கழித்து வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனம் தயாரானபோது வரைவில் ‘சகிப்பு’ என்ற சொல் இருந்தது. மேடிசன் தலையிட்டு அந்த வாசகத்தை மாற்ற வைத்தார். மதத்தைப் பின்பற்றுவது எல்லோருக்கும் சமமான உரிமை என்று ஆனது. சகிப்பு என்பது மேலே இருப்பவர் காட்டும் கருணை. இன்று காட்டலாம், நாளை நிறுத்தலாம். ‘எங்கள் மன்னர்கள் எல்லா மதத்தையும் மதித்தார்கள்’ என்று பெருமை பேசுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அசோகரோ அக்பரோ எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மன்னரின் நல்ல குணம் குடிமகனின் உரிமை ஆகாது.

1784இல் பேட்ரிக் ஹென்றி ஒரு மசோதாவை முன்வைத்தார். எல்லாரும் வரி கட்டட்டும், அந்தப் பணம் எந்தக் கிறித்தவச் சபைக்குப் போக வேண்டும் என்று அவரவர் சொல்லிக்கொள்ளட்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் ‘எல்லா மதங்களையும் சமமாகப் பாவிப்பதுதான் மதச்சார்பின்மை’ என்று சொல்வது போன்றது. பங்கு கிடைக்கும் வாய்ப்பு இருந்தும் பாப்டிஸ்டுகள் அதை எதிர்த்து மனு மேல் மனுவாக அனுப்பினார்கள். மேடிசனும் 1785இல் எதிர்த்து எழுதினார். மசோதா வீழ்ந்தது. அதற்குப் பதிலாக, ஜெஃபர்சன் முன்பே எழுதி வைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டம் 1786இல் நிறைவேறியது. 1791இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அது அன்று ஒன்றிய நாடாளுமன்றத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. கனெக்டிகட் 1818 வரையும் மாசசூசெட்ஸ் 1833 வரையும் தங்கள் அரசுத் திருச்சபையை விடவில்லை. கனெக்டிகட்டின் டான்பரி பகுதி பாப்டிஸ்டுகள் தங்கள் குறையை எழுதி அனுப்பியபோது, அதற்குப் பதிலாக 1802 ஜனவரி 1 அன்று குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் எழுதிய கடிதத்தில்தான் ‘பிரிக்கும் சுவர்’ என்ற புகழ்பெற்ற சொற்சேர்க்கை வருகிறது. கடிதம் எழுதியவரை உலகம் நினைவு வைத்திருக்கிறது. சான்றிதழுக்காக அலைக்கழிக்கப்பட்டு அந்தக் கடிதத்தை எழுத வைத்தவர்களை மறந்துவிட்டது.

சுவருக்குள் நின்ற சவுக்கு

இத்தோடு கதையை முடித்தால் அது புகழ்மாலையாகிவிடும். நமக்கு அது வேண்டாம்.

அதே வர்ஜீனியா 1667இல் ஒரு சட்டம் போட்டது. அடிமை ஒருவர் ஞானஸ்நானம் பெற்றாலும் அவருடைய அடிமை நிலை மாறாது என்பது அந்தச் சட்டம். கிறித்தவரைக் கிறித்தவர் அடிமையாக வைத்திருக்கலாமா என்ற கேள்வி எழுந்துவிடக்கூடாது என்பதற்காக அரசு முந்திக்கொண்டு வாயை அடைத்தது. ஆன்மா சமம், உடல் சமமில்லை. மனசாட்சியின் சுதந்திரத்தை எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். ரோஜர் வில்லியம்ஸ் உருவாக்கிய ரோட் ஐலண்ட் 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அடிமை வணிகத்தின் முக்கியத் துறைமுகப் பகுதியானது. வில்லியம்ஸே தன் முதுமையில், 1676இல், போரில் பிடிபட்ட பழங்குடியினரை அடிமைப்பணிக்கு விற்ற ஊர்க்குழுவில் இருந்தார். பனியில் அவரைக் காப்பாற்றியவர்களின் வழிவந்தவர்கள் தோற்ற போர் அது.

பாப்டிஸ்டுகள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. 1790இல் வர்ஜீனியா பாப்டிஸ்டுகளின் பொதுக்குழு, ஜான் லேலண்ட் கொண்டுவந்த அடிமைமுறை எதிர்ப்புத் தீர்மானத்தை ஏற்றது. சபைகளிலிருந்த அடிமை உடைமையாளர்கள் முணுமுணுத்தார்கள். 1793இல் அதே பொதுக்குழு, இது சட்டமன்றம் பார்க்க வேண்டிய விவகாரம், நம் வேலை இல்லை என்று கூறி அந்தப் பேச்சையே கைவிட்டது. எந்தச் சுவரைக் கட்டச் சொல்லிச் சிறைக்குப் போனார்களோ, அதே சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். 1845இல் தென்மாநில பாப்டிஸ்டுகள் அடிமை உடைமையாளரும் மிஷனரியாகலாம் என்பதற்காகவே தனிச் சங்கம் அமைத்தார்கள். அதற்கு அந்தச் சங்கம் மன்னிப்புக் கேட்டது 1995இல்.

அரசு என்ன செய்தது? 1831இல் நாட் டர்னர் என்ற கறுப்பினப் போதகர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தார்கள். அடுத்த ஆண்டு வர்ஜீனியா சட்டமன்றம் கறுப்பினத்தவர் யாரும் போதிக்கக்கூடாது, மீறினால் கசையடி என்று சட்டம் போட்டது. அடிமையாக இருந்தாலும் சரி, விடுதலை பெற்றவராக இருந்தாலும் சரி. உலகம் மெச்சும் மதச் சுதந்திரச் சட்டத்துக்கு அப்போது வயது 46. சுவர் அப்படியே நின்றது. அது யாருக்கான சுவர் என்பதை நிறம் முடிவு செய்தது.

சொல் தமிழுக்கு வந்த வழி

‘செக்யூலரிசம்’ என்ற சொல்லை 1851இல் உருவாக்கியவர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். பர்மிங்காம் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர், 1842இல் ஒரு கூட்டத்தில் பேசிய பேச்சுக்காகத் தெய்வ நிந்தனை வழக்கில் ஆறு மாதம் சிறையில் இருந்தவர். அவருக்குப் பின் வந்த சார்லஸ் பிராட்லா 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், நாத்திகர் என்பதால் உறுதிமொழிச் சிக்கலில் 1886 வரை தன் இருக்கையில் முறையாக அமர முடியவில்லை. அந்த ஆண்டுகளிலேயே அந்த இயக்கத்தின் குரல் சென்னையில் தமிழில் ஒலித்தது. சென்னை இலௌகிக சங்கத்தினர் 1882 முதல் 1888 வரை நடத்திய ‘தத்துவ விவேசினி’ இதழ் மதத்தையும் சாதியையும் சேர்த்தே விசாரித்தது. பெரியார் அப்போது குழந்தை. இது நேற்று டெல்லியில் இறக்குமதியான சரக்கு என்பவர்கள் அந்தப் பழைய தாள்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

இரண்டு கேள்விகள்

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு கேள்விகள். ஒன்று, மனசாட்சிப்படி நடப்பவருக்கு அரசு தண்டம் போடுகிறதா? இரண்டு, மதத்தில் தலையிட மாட்டோம் என்ற பெயரில் ஆதிக்கத்துக்குக் காவல் நிற்கிறதா? பிரிவினை உண்மையானது என்றால் இரண்டுக்கும் ‘இல்லை’ என்ற பதில் வர வேண்டும்.

முதல் கேள்வியை இங்கே கேட்டுப் பார்ப்போம். எந்த ஒரு மதத்தையும் வளர்ப்பதற்கென்று வரி கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 27ஆவது உறுப்பு. ஆஷ்ஃபீல்டு உழவர்கள் கேட்டது இதைத்தான். ஆனால் 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. பழங்குடியினர் பட்டியலுக்கு இப்படி மத நிபந்தனை ஏதும் கிடையாது.

இதன் பொருள் என்ன? சேரியில் பிறந்த ஒருவர் தேவாலயத்துக்குப் போகத் தொடங்கினால் இடஒதுக்கீடும் தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். சாதி மட்டும் போகாது. திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே தலித் கிறித்தவர்களைப் பிரித்துச் சுவர் எழுப்பிய வரலாறு நமக்குத் தெரியும். கிறித்தவத்தில் சாதி இல்லை என்று வேதப் புத்தகத்தைக் காட்டும் அரசு அந்தச் சுவரைப் பார்ப்பதில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே இந்த நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது.

முகப்புரையில் ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் பிழைத்த அதே வாரத்தில் உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு இன்னொரு தீர்ப்பு தந்தது. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் ஞானஸ்நானத்தையும் தேவாலய வருகையையும் ஆராய்ந்து, அவர் கிறித்தவர்தான் என்று முடிவு செய்து, சான்றிதழை மறுத்தது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின்மீது செய்யும் மோசடி என்றும் கூறியது. ஒரு பெண்ணின் நம்பிக்கை உண்மையானதா என்று அரசு அளந்து பார்க்கிறது. சான்றிதழ் கேட்பதே தவறு என்று பேக்கஸும் அவர் தோழர்களும் ஏன் சொன்னார்கள் என்று இப்போது புரிகிறதா?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மதத்தையும் அரசையும் பிரிக்க வேண்டும் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் கூட்டம், கோயில் விவகாரத்தில் மட்டும் அதே முழக்கத்தை எடுக்கிறது: ‘மதச்சார்பற்ற அரசுக்குக் கோயிலில் என்ன வேலை? வெளியேறு!’ இளம் தோழர்கள் சிலர் இது நியாயம்தானே என்று தடுமாறுவதைப் பார்க்கிறேன். அவர்களிடம் 1793ஐச் சொல்ல விரும்புகிறேன். ஆதிக்கம் நடக்கும் இடத்திலிருந்து ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று விலகுவது நடுநிலை ஆகாது.

அண்ணல் அம்பேத்கர் இதை நன்றாக அறிந்திருந்தார். 1948 டிசம்பர் 2 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, இந்த நாட்டில் மதம் பிறப்பு முதல் இறப்பு வரை வாழ்வின் எல்லாப் பகுதிகளையும் பற்றிக்கொண்டிருக்கிறது, அதன் எல்லையைச் சுருக்காமல் எந்தச் சமூகச் சீர்திருத்தமும் நடக்காது என்ற பொருளில் எச்சரித்தார். அதனால்தான் நம் அரசியல் சட்டம் மனசாட்சிச் சுதந்திரத்தைத் தரும் 25ஆவது உறுப்புக்குள்ளேயே, பொதுத்தன்மை கொண்ட இந்து வழிபாட்டு இடங்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் இயற்றலாம் என்றும் எழுதி வைத்திருக்கிறது. 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. அமெரிக்கர்கள் கட்டிய சுவரில் இந்த வாசல் இல்லை. சாதியை அறிந்தவர் வரைந்ததால் நம் சட்டத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் பார்ப்பனரல்லாத அர்ச்சகர்கள் பயிற்சி முடித்துத் தமிழ்நாட்டுக் கோயில்களில் நியமிக்கப்பட்டது இந்த வாசல் வழியாகத்தான். அரசு வெளியேறினால் அந்த இடத்துக்கு வரப்போவது பக்தர்கள் அல்லர். யார் உள்ளே வரலாம், யார் தேர்வடம் பிடிக்கலாம், யாருக்குப் பரிவட்டம் என்று முடிவு செய்துவந்த சாதிகள்தான்.

அதற்காக அரசு பூசை செய்யலாம் என்று அர்த்தமில்லை. அரசு அலுவலகங்களிலிருந்து சாமி படங்களை அகற்றச் சொல்லி 1968இல் அண்ணா ஆட்சியில் ஆணை வந்தது. இன்றும் நான் போகும் அலுவலகங்களில் ஆயுத பூசைக்குப் பொரியும் திருநீறும் தட்டில் வருகின்றன. எடுத்துக்கொள்ளத் தயங்கும் முஸ்லிம் ஊழியரின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் எல்லாரும் பார்க்கிறார்கள். வழிபாட்டில் அரசு கை வைக்கக்கூடாது. வழிபாட்டின் பெயரால் மனிதரை விலக்கும்போது அரசு கையைக் கட்டி நிற்கவும் கூடாது.

தோழர்களே, அடுத்த முறை யாராவது ‘மதச்சார்பின்மை ஐரோப்பியச் சரக்கு’ என்றால், ஐரோப்பாவின் எந்த மக்கள் என்று திருப்பிக் கேளுங்கள். மூழ்கடித்த நகர மன்றமா, மூழ்கிய மான்ஸா? ஏலம் விட்ட அதிகாரியா, நிலம் இழந்த உழவரா? அவர்களில் மூழ்கியவரும் இழந்தவரும் நமக்கு உறவுக்காரர்கள். அந்த உறவுக்காரர்களின் பிள்ளைகள் பிறகு அடிமைகளைக் கைவிட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லி முடித்த கையோடு 1950 ஆணையின் மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லும் போராட்டத்தில் வந்து நில்லுங்கள். முகப்புரையில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் போதாது. சேரியில் பிறந்த ஒருவர் எந்தக் கடவுளிடம் போனாலும், எந்தக் கடவுளும் வேண்டாம் என்றாலும், அதற்காக எதையும் இழக்கக்கூடாது. அந்த நிலை வரும்வரை இந்த நாட்டில் மதமும் அரசும் பிரிந்துவிட்டன என்று நாம் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.